கிரேட் சால்ட் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் எங்கே நிற்கிறது?

#1 | உப்பேரிவாசி

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குக் கொஞ்சம் வடக்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன். மாடி ஜன்னலில் நின்றால் மேற்கே கிரேட் சால்ட் ஏரி தெரியும். வந்த புதிதில் வெள்ளிக் கம்பி போல மின்னிக்கொண்டு கிடக்கும். இப்போது அந்தக் கம்பி வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. நடுவில் சாம்பல் நிறத்தில் வெறும் தரை.

போன ஞாயிறு மகனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தரையில் இறங்கி நடந்தேன். மேலே உப்புப் பொருக்கு. கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அதற்குக் கீழே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. பொருக்கு உடையாத இடத்தில் காற்றடித்தாலும் தூசி எழவில்லை. யாரோ வண்டி ஓட்டிய தடத்தில் மட்டும் பொருக்கு பொடிந்து மாவாகக் கிடந்தது. காற்று அந்த மாவைத்தான் கிளப்பிக்கொண்டு போனது. அந்தத் தூசியில் ஆர்சனிக் உண்டு. ஏரியை ஒட்டிய நகரங்களில் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறோம். மகனுக்கு இளைப்பு இருக்கிறது, மேற்குக் காற்று வீசும் நாளில் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம்.

கணக்கைச் சொல்கிறேன். 1987-இல் ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 4,211 அடியைத் தாண்டியது. 2022 நவம்பரில் 4,188.5 அடி. அளக்கத் தொடங்கிய காலம் முதல் இதுதான் மிகக் குறைவு. 23 அடி என்றால் சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இது ஆழமில்லாத, தாம்பாளம் மாதிரி ஏரி. 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 2,300-க்கு வந்துவிட்டது. 2021 கோடையில் படகுத்துறையில் இருந்த பாய்மரப் படகுகளை எல்லாம் கிரேன் வைத்துத் தூக்கி வெளியே எடுத்தார்கள். நான் நின்று பார்த்தேன்.

2023-இல் பனி கொட்டித் தீர்த்தது, மட்டம் ஐந்தடிக்கு மேல் ஏறியது. அன்றோடு ஊரில் பேச்சும் அடங்கிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஏரிக்கு வரும் ஆறுகள் மூன்று: பேர், வீபர், ஜோர்டான். மலையில் விழும் பனி உருகி அவற்றில் இறங்கத்தான் செய்கிறது. வழியில் அந்தத் தண்ணீரை யார் நிறுத்துகிறார்கள் என்பதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

#2 | அரைக்காணி

பாலைவனத்து ஏரி வற்றுவது இயற்கைதானே? போதாததற்குப் பூமி சூடாகிக்கொண்டே போகிறது. மழை குறைந்திருக்கும், ஆவியாதல் கூடியிருக்கும். யாரோ நடுவில் நிறுத்துகிறார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

#3 | உப்பேரிவாசி

நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் அதே எண்ணம்தான்.

இந்த ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. வந்த தண்ணீர் ஆவியாகித்தான் போக வேண்டும். அதனால் வருடா வருடம் ஏறி இறங்குவது சகஜம். ஆனால் 1847-இல் வெள்ளைக்காரர்கள் குடியேறி வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்து உள்ள பதிவுகளை எடுத்து, மனிதர்கள் எடுக்கும் தண்ணீரை ஆய்வாளர்கள் தனியே கணக்கிட்டார்கள். அந்தத் தண்ணீர் ஏரிக்கே வந்திருந்தால் மட்டம் சுமார் 11 அடி உயரமாக இருந்திருக்கும் என்று 2016-இல் சொன்னார்கள். இத்தனை காலத்தில் மழையும் பனியும் நிரந்தரமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. வெப்பம் கூடுவதால் ஆவியாதல் கூடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய பங்கு நாம் எடுப்பதுதான்.

எடுப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு விவசாயம். அதிலும் பெரும்பகுதி அல்பால்பா. நம் ஊரில் குதிரைமசால் என்று சொல்வோமே, அதேதான். கோடையில் மூன்று நான்கு அறுப்பு எடுத்துக் கட்டுக்கட்டாக மாட்டுப் பண்ணைகளுக்குப் போகிறது, கொஞ்சம் கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. மாநிலப் பொருளாதாரத்தில் இதன் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. மீதித் தண்ணீர் ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும், ஏரித் தண்ணீரையே காய்ச்சித் தாதுப்பொருள் எடுக்கும் நிறுவனங்களுக்கும் போகிறது.

#4 | இறால்குஞ்சு

அண்ணா, மரக்காணம் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் ஏரியின் பெயரைத் தினமும் படிப்பவன் நான். நாங்கள் உடைக்கும் ஆர்டீமியா டின்னில் அந்தப் பெயர் அச்சடித்திருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெனாமி இறால் குஞ்சு மைசிஸ் என்ற இளம் பருவத்தைத் தாண்டும்போது அதற்கு உயிருள்ள தீனி வேண்டும். மாவுத் தீனி மட்டும் போட்டால் சரிப்படாது. அதற்குத்தான் ஆர்டீமியா, உப்புத் தண்ணீரில் வாழும் மிகச் சின்ன இறால் இனம். டின்னைத் திறந்தால் காபிப் பொடி மாதிரி பழுப்பாக இருக்கும், அத்தனையும் முட்டை. கூம்புத் தொட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு, காற்று பலமாகக் கொடுத்து, விளக்கு போட்டு வைத்தால் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அடியில் இறங்கி ஆரஞ்சு நிறத்தில் மேகம் மாதிரி திரளும். வால்வைத் திறந்து வலையில் பிடித்து, அலசி, இறால் தொட்டியில் விடுவோம்.

2022 கடைசியில் விலை ஏறப் போகிறது, இருப்பு வாங்கி வையுங்கள் என்று டீலர்கள் சொன்னார்கள். காரணம் கேட்டால் ஏரியில் தண்ணீர் இல்லை என்றார்கள். உப்பு கூடினால் அதற்கு நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன். அது உப்பிலேயே வாழும் உயிர் இல்லையா?

#5 | உப்பேரிவாசி

தம்பி, இங்கே உங்களைச் சந்திப்பேன் என்று நினைக்கவே இல்லை. உலகச் சந்தையில் விற்கும் ஆர்டீமியா முட்டையில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த ஏரியிலிருந்து போகிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அறுவடை. முட்டைகள் தண்ணீர் மேல் செம்பழுப்புப் பட்டையாக மிதக்கும். சின்ன விமானத்தில் பறந்து பட்டை எங்கே என்று பார்த்துச் சொல்வார்கள், படகுகள் போய் மிதவைத் தடுப்பு போட்டு வளைத்து உறிஞ்சும்.

உப்பு கூடினால் நல்லது என்பது ஓர் அளவு வரைக்கும்தான். ஏரியின் தெற்குப் பகுதியில் உப்பு 12 முதல் 16 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்குச் சுகம். 2022 இலையுதிர் காலத்தில் 19 சதவீதத்தைத் தொட்டது. அந்த உப்பில் பாசி வளராது, பாசி இல்லாமல் ஆர்டீமியா இல்லை, உப்பு ஈயும் இல்லை. இவற்றைத் தின்ன வருடத்துக்கு ஒரு கோடிப் பறவைகள் வந்து போகின்றன. தென் அமெரிக்கா வரை பறக்க வேண்டிய சின்னக் கரைப்பறவைகள் இங்கே தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் கிளம்பும். ஏரிக்குள் கன்னிசன் என்று ஒரு தீவு, கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் இடம். சுற்றிலும் தண்ணீர் வற்றியதும் நரி, ஓநாய் இன விலங்குகள் நடந்தே தீவுக்குப் போகத் தொடங்கின. 2023-இல் கூழைக்கடாக்கள் அந்த இடத்தைக் கைவிட்டுவிட்டன.

#6 | கடைமடைப்பிள்ளை

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பஞ்சம் என்று பேச்சு எடுத்தாலே கடைசியில் விவசாயி தலையில்தான் விடிகிறது. நாங்கள் வேதாரண்யம் பக்கம். கல்லணையில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து பல நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். சில வருடம் அதுவும் தெரியாது. கடைமடை என்றால் அதுதான். மேலே இருப்பவன் எல்லாம் எடுத்தது போக மிச்சம்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பட்டது, அந்த ஏரிதான் அங்கே கடைமடை. அதற்காகப் பேச ஒரு விவசாயியும் இல்லை, சங்கமும் இல்லை, அதனால் அதன் பாடு எங்கள் பாட்டைவிட மோசம். ஆனால் மேல்மடைக்காரனும் விவசாயிதானே? அவனைப் போய் நிறுத்து என்று சொன்னால் அவன் குடும்பம் என்ன செய்யும்?

#7 | உப்பேரிவாசி

கடைமடை. ஒன்பது வருடமாக இந்த விஷயத்தைச் சொல்லச் சொல் கிடைக்காமல் இருந்தேன் அண்ணா. இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது.

இங்கே உள்ள சட்டமும் அப்படித்தான். முதலில் தண்ணீர் எடுத்தவனுக்கு முதல் உரிமை. 1860-இல் வாய்க்கால் வெட்டிய குடும்பம் தன் பங்கை முழுதாக எடுத்த பிறகுதான் 1910-இல் வந்தவனுக்கு. ஏரி அதற்கெல்லாம் முன்னாலிருந்தே இருக்கிறது, ஆனால் அதன் பெயரில் ஒரு துளிகூட எழுதி வைக்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு விதி: ஏழு வருடம் பயன்படுத்தாமல் விட்டால் உரிமை போய்விடும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் மூன்று தலைமுறையாகத் தீவனப்புல் பயிர் செய்கிறார். மழை நன்றாகப் பெய்த வருடத்திலும் முழுப் பங்கையும் பாய்ச்சிவிடுவார். ஏன் என்று கேட்டேன். “விட்டால் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகும்” என்றார். அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்?

2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது விவசாயி தன் பங்கை ஏரிக்குக் குத்தகைக்கு விடலாம், உரிமையும் போகாது, காசும் வரும். அதற்காக 4 கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். 2023-இல் மோர்மன் திருச்சபை தன்னிடமிருந்த 5,700 தண்ணீர்ப் பங்குகளை ஏரிக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்தது. அது வருடத்துக்கு 20,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. ஏரி தேற வருடத்துக்கு இன்னும் பத்து லட்சம் ஏக்கர் அடி வேண்டும் என்று அந்த வருடம் வந்த பல்கலைக்கழக அறிக்கை சொன்னது. ஏறக்குறைய 43 டி.எம்.சி. மேட்டூர் அணை நிரம்பினால் 93, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பெரிய தொகையை நல்ல மனதுள்ளவர்கள் நாலு பேர் கொடுத்து நிரப்ப முடியாது. அரசே காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அப்புறம், நகரத்துக்காரர்கள் நாங்களும் சுத்தமில்லை. எங்கள் பகுதியில் தோட்டத்துக்கென்று தனிக் குழாயில் வாய்க்கால் தண்ணீர் வரும். மீட்டர் கிடையாது, வருடத்துக்கு ஒரே கட்டணம். பாலைவனத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பச்சைப் புல். நான் பாய்ச்சுவதைக் குறைத்துப் புல் பழுத்தபோது குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 2030-க்குள் எல்லாத் தோட்டக் குழாய்க்கும் மீட்டர் வைக்க வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. மீட்டர் வைத்த வீடுகளில், எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்ததுமே ஆட்கள் குறைத்துக்கொண்டார்கள்.

#8 | ஓய்வுபெற்ற பொறியாளர்

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். ஒரு விஷயத்தில் எல்லாரும் ஏமாறுவார்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

சொட்டுநீருக்கு மாறினால் தண்ணீர் மிச்சம், மிச்சம் ஏரிக்குப் போகும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. வெள்ளப் பாசனத்தில் வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரில் ஒரு பகுதி கசிந்து, வடிந்து, கீழே ஆற்றுக்கே திரும்பி வரும். அந்தக் கசிவுதான் பல இடத்தில் கீழ்மடைக்காரனின் தண்ணீர். சொட்டுநீர் போட்டால் கசிவு நின்றுவிடும். மிச்சமான பங்கில் விவசாயி இன்னும் நாலு ஏக்கர் சேர்த்துப் பயிர் வைப்பான், தப்பில்லை, அவன் பங்குதானே. கணக்குப் புத்தகத்தில் சிக்கனம், ஆற்றில் முன்னைவிடக் குறைவு. நான் இதைப் பல மதகில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆகவே வயலில் எவ்வளவு மிச்சம் என்று அளப்பதில் பயனில்லை. ஏரி வாயில் எவ்வளவு வந்து விழுகிறது என்று அளக்க வேண்டும். ஒரு விவசாயி பங்கை விட்டுக்கொடுத்தால், அந்தத் தண்ணீர் வழியிலுள்ள ஒவ்வொரு மதகையும் தாண்டி ஏரிக்கே போய்ச் சேருகிறதா என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மதகுக்காரன் எடுத்துக்கொள்வான். நம் ஊரில் நீராணிக்கர்கள் இரவெல்லாம் மடையில் காவல் இருந்தது எதற்கு?

#9 | அரைக்காணி

பசிபிக் கடலிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டாமே? அமெரிக்காவிடம் பணமா இல்லை?

#10 | ஓய்வுபெற்ற பொறியாளர்

தம்பி, அந்த ஏரி கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே இருக்கிறது, நடுவில் சியரா நெவாடா மலை. நூற்றுக்கணக்கான மைல் அந்த உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற ஆகும் மின்சாரத்தை நினைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஏரிக்கு வடிகால் கிடையாது. கடல்நீரை விட்டால் தண்ணீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு அங்கேயே தங்கும். ஆற்று நீரின் இடத்தைக் கடல்நீர் பிடிக்க முடியாது.

#11 | சமர்கந்து மாணவி

வணக்கம் அண்ணா. உஸ்பெகிஸ்தானில் மருத்துவம் படிக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர் இரவு ரயிலில் நுகுஸ் போய், அங்கிருந்து ஷேர் டாக்ஸியில் மொய்னாக் போனோம். ஆரல் கடலின் துறைமுகம் அது.

ஊர் எல்லையில் ஒரு மேடு. அதன் விளிம்பில் நின்றால் கீழே மணலில் மீன்பிடிக் கப்பல்கள் வரிசையாகத் துருப்பிடித்து நிற்கின்றன. அந்த மேடுதான் பழைய கரை. இறங்கி நடந்தால் காலுக்கடியில் சின்னச் சின்னச் சிப்பி. கடல் எங்கே என்று டிரைவரிடம் கேட்டோம். இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஜீப் இருந்தால்தான் முடியும் என்றார். அவருடைய தாத்தா அந்த ஊர் மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்தவராம்.

1960-இல் ஆரல் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கை முழுவதையும் விடக் கொஞ்சம் பெரியது. அமு தாரியா, சிர் தாரியா இரண்டு ஆறுகளையும் சோவியத் காலத்தில் பருத்திக்குத் திருப்பினார்கள். இப்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காய்ந்த படுகையில் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசி. அது பறக்காமல் இருக்க 2018-லிருந்து அரசு சக்சாவுல் என்ற பாலைப் புதரை லட்சக்கணக்கான ஹெக்டேரில் நடுகிறது. ரத்தசோகையும் மூச்சு நோயும் அந்தப் பகுதியில் அதிகம் என்று வகுப்பில் பாடமாகவே வருகிறது.

இறால்குஞ்சு அண்ணாவுக்கு ஒரு செய்தி: எஞ்சியிருக்கும் தென் ஆரலில் உப்பு ஏறி மீன் எல்லாம் செத்த பிறகு ஆர்டீமியா வந்திருக்கிறது. குளிர்காலத்தில் ஆட்கள் கரையில் கூடாரம் போட்டு முட்டை வாருகிறார்கள்.

#12 | கடைமடைப்பிள்ளை

பாப்பா எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. அங்கே ஒன்றுமே திரும்பவில்லையா?

#13 | சமர்கந்து மாணவி

திரும்பியது அண்ணா, ஆனால் வடக்கே, கஜகஸ்தான் பக்கம். 2005-இல் கோகரல் என்ற இடத்தில் 13 கிலோமீட்டருக்கு ஓர் அணை கட்டி, சிர் தாரியா தண்ணீர் தெற்கே ஓடிவிடாமல் வடக்குத் துண்டில் மட்டும் தேக்கினார்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிரம்பியது. உப்பு தாங்கும் தட்டை மீன் மட்டும் பிழைத்த இடத்தில் நன்னீர் மீன்கள் திரும்பின, பிடிப்பவர்களும் திரும்பினார்கள். ஆனால் அந்த அணைக்குத் தெற்கேதான் மொய்னாக்.

#14 | உப்பேரிவாசி

இங்கேயும் அப்படி ஒரு தடுப்பு இருக்கிறது, தங்கச்சி. ஏரியைக் குறுக்கே வெட்டி 1959-இல் ரயில் பாதைக்குக் கல் மேடு போட்டார்கள். ஆறுகள் எல்லாம் தெற்கே விழுகின்றன, வடக்கே தண்ணீர் இளஞ்சிவப்பாக, உப்பு கரையக்கூட இடமில்லாமல் இருக்கிறது. மேட்டில் ஒரு திறப்பு உண்டு. தெற்கே உப்பு எல்லை மீறியபோது 2022-லும் 2023 தொடக்கத்திலும் அந்தத் திறப்பின் அடித்தளத்தை உயர்த்தி, வடக்கே போவதைக் குறைத்தார்கள். ஆர்டீமியா பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வடக்கை விட்டுக்கொடுத்துத் தெற்கைக் காப்பாற்றியது எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, உறுத்தலாகவும் இருக்கிறது. அந்தக் கூழைக்கடாத் தீவு வடக்கில்தான்.

தாமதித்தால் என்ன செலவு என்பதற்குக் கலிபோர்னியா மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றைக் கொண்டுபோனது. பத்துப் பதினைந்து வருடத்தில் ஓவன்ஸ் ஏரி காய்ந்தது. அந்தத் தூசியை அடக்க மட்டும் நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது, இன்னும் முடியவில்லை. அதே நகரம் 1941 முதல் மோனோ ஏரியின் ஓடைகளையும் எடுத்தது. அங்கே மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் வழக்குப் போட்டார்கள். ஏரி பொதுமக்களின் சொத்து, தண்ணீர் உரிமை கொடுக்கும்போது அதையும் அரசு காக்க வேண்டும் என்று 1983-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-இல் ஏரிக்கு 6,392 அடி என்று மட்டம் குறித்தார்கள். இன்னும் எட்டவில்லைதான். ஆனால் அந்த ஏரிக்கு ஒரு குறித்த எண் இருக்கிறது, கேட்க ஓர் இடம் இருக்கிறது. எங்கள் ஏரிக்கும் அப்படி எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

பொறியாளர் சார் சொன்ன மதகுக் கணக்கை மொழிபெயர்த்து, இங்கே நடக்கும் அடுத்த தண்ணீர்க் கூட்டத்தில் பேசப் போகிறேன். ஆட்சேபம் இல்லையே சார்?

#15 | ஓய்வுபெற்ற பொறியாளர்

தாராளமாகப் பேசுங்கள். கசிவுக் கணக்குக்கு ஒரு சின்னப் படம் வரைந்து அனுப்புகிறேன். படம் இருந்தால்தான் விவசாயிகள் ஒத்துக்கொள்வார்கள்.

#16 | இறால்குஞ்சு

அண்ணா, இன்று காலை ஒரு டின் உடைத்தேன். பொரிப்பு நன்றாக இருந்தது, தொண்ணூறுக்கு மேல். டின்னில் பெயரைத் தவிர வேறு விவரம் இல்லை. இது எந்தப் பகுதியில் எடுத்தது, வடக்கா தெற்கா?

#17 | உப்பேரிவாசி

தெற்குதான் தம்பி. வடக்கின் உப்பில் அது பெருகாது. மலையில் பனி உருகி ஆறுகள் வரும் நேரம் இது. ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை அளவுகோலைப் போய்ப் பார்த்து, மட்டம் எவ்வளவு என்று இங்கே போடுகிறேன்.